இருபத்தேழே முக்கால் சுற்று

அமெரிக்காவிலிருந்து வந்த இசைத்தட்டை முதன்முறை கேட்டு முடித்ததும் அப்பாதுரை ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"இது நான் வாசிச்சது இல்ல."

யாரும் நம்பவில்லை. தட்டை வரவழைத்த அலெக்சாண்டர் மாஸ்டர் நம்பவில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுன் டீக்கடை நம்பவில்லை. எலக்ட்ரிக்கல் டிப்ளமா வாங்கிய மகள் சந்திரம்மாவும் நம்பவில்லை. மற்றவர்களை மன்னித்துவிடலாம், அவர்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. சந்திரம்மாவுக்கு வழி இருந்தது. கணக்கு அவள் நோட்டிலேயே இருந்தது.

அப்பாதுரை பஸ் டிப்போவில் வண்டிகளுக்குக் கிரீஸ் அடிப்பவர். அதற்கு முன், யுத்த காலத்தில், கன்டோன்மென்டில் சோல்ஜர்களின் ஓய்வு மண்டபத்தில் கோப்பை கழுவினார். லீவில் வந்த கறுப்புச் சிப்பாய் ஒருவன் உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கித்தார் கம்பியின் மேல் இழுப்பான். கம்பி அழும். அப்பாதுரை கழுவின கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டு நின்று கேட்பார். யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தரச் சொல்லி அவரும் கேட்கவில்லை.

நாற்பத்தேழில் மண்டபத்தை மூடினார்கள். வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கட்டில், நாற்காலி, இரும்புப் பெட்டி என்று ஆளாளுக்குத் தூக்கிப் போனார்கள். அப்பாதுரை பின்பலகை விரிந்த கித்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மனைவி முத்தம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"எல்லார் வூட்டுக்காரனும் கட்டில் கொண்டாந்தான். நீ ஒடஞ்ச பெட்டிய கொண்டாந்திருக்க. இதும்மேல படுக்கறதா, உள்ள படுக்கறதா?"

"படுக்க வேணாம். கேளு."

"கேட்டா இடுப்பு வலி போவுமா?"

"போனாலும் போவும்."

பின்பலகையை வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். பாட்டில் கழுத்துக்குப் பதிலாக, பஸ் ஸ்பிரிங்கிலிருந்து கழற்றிப் போட்ட புஷ் என்கிற தேய்ந்த பித்தளைக் குழல் ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். அது அவர் விரலுக்கென்றே தேய்ந்தது போல உட்கார்ந்தது. கம்பிகளை எல்லாம் தளர்த்துவார். தடித்த கம்பியின் முனகலும் தன் நெஞ்சிலிருந்து வரும் முனகலும் ஒன்றாகும் வரை தளர்த்துவார். அதற்குமேல் தளர்த்தினால் கம்பி பலகையில் அடிக்கும். அந்த விளிம்பில் நின்றுதான் வாசிப்பார்.

சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதில் முத்தம்மாவுக்கு அந்தத் தெருக்களில் பெயர் உண்டு. வார்த்தையின் கடைசியில் குரலைப் படிப்படியாக இறக்கி, தரையில் வைப்பது போல வைப்பாள். ஒருநாள் அப்பாதுரை அதைக் கம்பியில் இறக்கிக் காட்டினார்.

"அந்த சோல்ஜர் கம்பியில விட்ட எறக்கம், நீ தொண்டையில விடற எறக்கம், ரெண்டும் ஒரே எறக்கம்தான் முத்து. அவன் எந்த ஊரு, நீ எந்த ஊரு."

"அவன் வூட்லயும் சாவு வுழுந்திருக்கும்," என்றாள் முத்தம்மா. "நீ இன்னும் இழு. அவசரப்படாத. பொணம் எங்கியும் ஓடிப் போவாது."

அவருக்கு வாய்த்த விமர்சகர் அவள் ஒருத்திதான். ஐம்பத்தெட்டில் காசநோயில் இறந்துபோனாள். அவளுக்கு ஒப்பாரி வைக்க அவளளவு தெரிந்தவர் யாருமில்லை. கூடப் பாடிப் பழகிய பக்கத்து வீட்டு வள்ளியம்மாவும் பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பாதுரை அன்று அழவில்லை. பதினாறாம் நாள் முடிந்து கித்தாரை எடுத்தார். முத்தம்மாவின் இறக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கம்பியில் வைத்தார். அதனோடு தாழ்ந்த குரலில் ஒரு முனகல். சொல் கிடையாது. ஆண்டுதோறும் அவள் இறந்த நாளில் அதை வாசித்தார். ஒன்பது நிமிடம். கூடாது, குறையாது.

இதை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால், அறுபத்திரண்டு ஜனவரியில் சந்திரம்மா அதைக் கடிகாரம் பார்த்துக் குறித்தாள்.

அந்த மாதம் காக்ஸ் டவுனிலிருந்து அலெக்சாண்டர் மாஸ்டர் ஒரு அமெரிக்கரை அழைத்து வந்தார். அலெக்சாண்டர் பள்ளியில் பாட்டு வாத்தியார், மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர், வெளிநாட்டாருக்குக் கடிதம் எழுதுவதில் ஆர்வமுள்ளவர். அமெரிக்கருக்குச் சிவப்புத் தாடி. அவரும் கித்தார்க்காரர்தான். கிராமத்துப் பாட்டையும் கறுப்பர் பாட்டையும் கலந்து புதுமாதிரி ஒரு தட்டு போடப்போவதாகவும், ஒரு பக்கம் தானும் மறுபக்கம் உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொருவரும் வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இன்னொருவரைத் தேடி ஒரு டேப் ரெக்கார்டரைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்தார். இரண்டு ஆள் தூக்கும் கனம்.

பதிவு ஆஸ்டின் டவுன் பௌத்த வாசகசாலையில் நடந்தது. கரண்ட் அங்கே இருந்தது. ஆனால் ரெக்கார்டருக்கு நூற்றுப்பத்து வோல்ட் வேண்டும், நம் ஊரில் இருநூற்று முப்பது. அப்போது சந்திரம்மா பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். லேபில் கேட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி, ஜட்காவில் ஏற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள். மீட்டரை வைத்துக் காட்டினாள். நூற்றுப்பத்து. முள் அசையவில்லை. தாடிக்காரர் கை குலுக்கினார். அந்தக் குலுக்கலை அவள் ஒரு மாதம் மறக்கவில்லை.

மெஷினின் பின்னால் ஒரு தகடு இருந்தது. நூற்றுப்பத்து வோல்ட், அறுபது சைக்கிள் என்று அதில் பொறித்திருந்தது. சந்திரம்மா அதைப் படித்தாள். முதல் எண்ணுக்கு மீட்டர் வைத்தாள். இரண்டாம் எண்ணைப் படித்ததோடு சரி.

நான்கு பாட்டுகள் பதிவாயின. முத்தம்மாவுக்கானது கடைசி. நேரம் குறிக்கும் வேலை சந்திரம்மாவுக்கு. சுவரில் சாவி கொடுக்கும் கடிகாரம். அப்பாதுரை கடைசி இறக்கத்தில் இருக்கும்போது பக்கத்துத் தோல் ஃபேக்டரியின் இரண்டு மணிச் சங்கு ஊதியது. தாடிக்காரர் திடுக்கிட்டார். அப்பாதுரை நிறுத்தவில்லை. புஷ்ஷை மெதுவாகக் கீழே இழுத்து, சங்கு ஓயும்போது கம்பியும் ஓயும்படி முடித்தார். சந்திரம்மா நோட்டில் எழுதினாள்: ஒன்பது நிமிடம்.

உடனே அதே மெஷினில் போட்டுக் காட்டினார்கள். அப்பாதுரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நான்தான்," என்றார். "அவ இருந்தா, இன்னும் கொஞ்சம் இழுன்னு சொல்லியிருப்பா." அப்புறம் அலெக்சாண்டர் பக்கம் திரும்பி, "மாஸ்டர், இது எங்க வூட்டம்மா செத்ததுக்கு வாசிச்சதுன்னு அவருக்குச் சொல்லிடுங்க," என்றார்.

"சொல்லிட்டேன், சொல்லிட்டேன்," என்றார் அலெக்சாண்டர்.

அறுபத்து நான்கில் தட்டு வந்தது. இரண்டு பிரதிகள். ஒன்று அப்பாதுரைக்கு, ஒன்று அலெக்சாண்டருக்கு. அலெக்சாண்டர் காக்ஸ் டவுன் வீட்டில் ரேடியோகிராமைச் சுற்றி பத்துப் பேரை உட்கார வைத்தார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. முதல் பக்கம் தாடிக்காரர் வாசித்தது. எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். இரண்டாம் பக்கம் போட்டதும் ஒருவர் காலால் தாளம் போட ஆரம்பித்தார். கம்பி துள்ளியது. விரல்கள் பறந்தன. முத்தம்மாவின் பாட்டு வந்தபோது இன்னொருவரும் தாளம் போட்டார்.

"மிஸ்டர் அப்பாதுரை, உங்க ஸ்பீட பாத்தீங்களா?" என்றார் அலெக்சாண்டர்.

"இது நான் வாசிச்சது இல்ல, மாஸ்டர்."

அறையே சிரித்தது. "மொத மொத கேக்கறவங்க எல்லாரும் இதான் சொல்லுவாங்க. என் குரல டேப்ல கேட்டப்ப, யாரு இந்தக் கழுதைன்னு நானே கேட்டேன்," என்றார் அலெக்சாண்டர்.

சந்திரம்மா அப்பாவின் பக்கம் குனிந்து, படித்தவளின் பொறுமையோடு விளக்கினாள். "நம்ம சத்தம் நமக்கு எலும்பு வழியா கேக்கும், நைனா. வெளிய இருந்து கேட்டா வேற மாதிரிதான் இருக்கும்."

அப்பாதுரை தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "என் கையும் எலும்பு வழியாதான் கேக்குதா? அன்னிக்கு அந்த டப்பாவுல கேட்டது நான். இதுல வாசிக்கறவன் வூட்ல யாரும் சாவல."

அலெக்சாண்டர் பேச்சை மாற்ற அட்டையின் பின்புறக் குறிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். பெங்களூரின் மின்னல் விரல்கள். நேரில் கேட்டபோது இந்த வேகம் தனக்கே உறைக்கவில்லை, ஊருக்குத் திரும்பி நாடாவைப் போட்டபோதுதான் மலைத்துப்போனேன் என்று தாடிக்காரர் எழுதியிருந்தார். கடைசிப் பாட்டின் முடிவில் தூரத்து ரயிலின் விசில் கேட்கிறதாம். பின்னால் இனிமையாக முணுமுணுப்பது வாசிப்பவரின் மனைவியாம்.

"எந்த மனைவி?" என்றார் அப்பாதுரை.

அலெக்சாண்டர் அட்டையைத் திருப்பி வைத்தார். "அது ஒரு அழகுக்கு எழுதறது. பெரிய மனசு பண்ணுங்க."

"அவ செத்ததுக்குதான்யா அது பாட்டு. முனகறது நானு. சொல்லிட்டேன், சொல்லிட்டேன்னு சொன்னியே."

மாஸ்டர் என்று கூப்பிடாமல் அவர் அலெக்சாண்டரிடம் பேசியது அன்று ஒருநாள்தான். பிஸ்கட் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அலெக்சாண்டர் விடவில்லை. தான் கண்டுபிடித்த ஆளை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? கன்டோன்மென்டில் ஒரு கிளப்பில் கச்சேரி ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் எல்லாரும் முன்பே தட்டைக் கேட்டவர்கள். அப்பாதுரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தனக்குத் தெரிந்தபடி, கம்பியைத் தளர்த்தி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இரண்டாவது பாட்டிலேயே பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. "ஃபாஸ்டர், ஃபாஸ்டர்," என்று ஒருவர் கை தட்டினார். தட்டில் இருப்பவர் எங்கே என்று இன்னொருவர் அலெக்சாண்டரிடம் இங்கிலீஷில் கேட்டது சந்திரம்மாவுக்குக் கேட்டது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் பாதி சபை சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டது.

வரும்போது அலெக்சாண்டரும் ஒரே ஜட்காவில் வந்தார். போகும்போது யாருடைய காரிலோ ஏறிப் போனார்.

ஆஸ்டின் டவுனுக்குச் செய்தி வந்து சேர இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. தோல் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ராஜேந்திரன் டீக்கடை பெஞ்சில் இடம்விட்டு உட்கார்ந்தான்.

"வா அண்ணே. உனக்குப் பதிலா வாசிச்சவன் இன்னிக்கு லீவா?"

"நான்தான் அது நான் இல்லன்னு சொல்றேனே."

"அத்த மொதல்லயே சொல்லியிருக்கணும். அட்டையில பேரு வரும்போது கம்முனு இருந்துட்டு, கிளப்புல மாட்டிக்கினப்புறம் சொன்னா?"

"வந்த அன்னிக்கே சொன்னேன்பா."

"யார்கிட்ட?"

அப்பாதுரை மகளின் பெயரைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை.

கித்தார் பரண்மேல் போனது. பித்தளை புஷ் ஆணி டப்பாவுக்குள் போனது. அறுபத்தைந்து மார்ச்சில் முத்தம்மாவின் நாள் வந்தபோது சந்திரம்மா கித்தாரை இறக்கித் துடைத்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"தட்ட போட்டுக்கோ," என்றார். "அதான் நல்லா வாசிக்குதே."

ஜூனில் நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ஐந்தாம் நாள் சந்திரம்மாவிடம் கேட்டார்: "நீயும் நம்பல இல்ல?" அவள் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். ஆறாம் நாள் அவர் இறந்துபோனார். அந்தப் பேச்சு எடுக்க நேரமில்லை.

அறுபத்தாறு ஜனவரி. சந்திரம்மா ஒரு பெரிய தொழிற்சாலையின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். அமெரிக்காவிலிருந்து ஒரு கருவி வந்து இறங்கியது. உருளையில் காகிதம் சுழலும், முள் கோடு போடும், கூடவே ஒரு கடிகாரம். நூற்றுப்பத்து வோல்ட். சந்திரம்மா டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, ஓட விட்டாள். மறுநாள் காலை பிரிவு எஞ்சினியர் வெங்கடராமன் கூப்பிட்டார்.

"இதுக்கு கனெக்‌ஷன் குடுத்தது யாரும்மா?"

"நான்தான் சார். நூத்திப்பத்து கரெக்டா வருது."

"வரும், வராம என்ன. கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் பின்னாடி போறதே, அதைப் பாத்தியோ? இது அறுபது சைக்கிள் மோட்டார். நம்ம கரண்ட் செகண்டுக்கு ஐம்பது அலைதான், மோட்டாரும் அதுக்குத் தகுந்த மாதிரி மெதுவாத்தான் சுத்தும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாத்தும். சைக்கிளை மாத்துமோ? முதல் வருஷப் பாடம்னா இது."

சந்திரம்மா கருவியின் தகட்டைப் பார்த்தாள். அதே மாதிரித் தகடு. அதே இரண்டு எண்கள்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுத்து? இதுக்கெல்லாம் யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டா. போய்க் காபி சாப்பிட்டுட்டு வா."

அவள் காபி சாப்பிடவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். பழைய நோட்டை எடுத்தாள். ஒன்பது நிமிடம். தட்டின் அட்டையை எடுத்தாள். அதே பாட்டுக்கு ஏழரை நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. இரண்டு வருஷமாக இந்த இரண்டு எண்களும் ஒரே அலமாரியில் இருந்தன. ஒன்பதை ஏழரையால் வகுத்தாள். அறுபதை ஐம்பதால் வகுத்தாள். ஒன்று புள்ளி இரண்டு. ஒன்று புள்ளி இரண்டு.

நடந்தது இதுதான். ஐம்பது சைக்கிள் கரண்டில் அந்த மெஷின் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடியபடியே பதிந்தது. வாசகசாலையில் திருப்பிப் போட்டபோதும் அதே மெதுவில் ஓடியதால் சரியாகக் கேட்டது. அதனால்தான் அப்பாதுரை "நான்தான்" என்றார். அமெரிக்காவில் போட்டபோது மெஷின் தன் முழு வேகத்தில் ஓடியது. பாட்டு வேகமெடுத்தது. சுருதி ஏறியது. ஒப்பாரி ஆட்டமானது. ஆணின் முனகல் பெண்ணின் முணுமுணுப்பானது. அதை அப்படியே தட்டில் அடித்துவிட்டார்கள்.

தன் மேல் வந்த கோபத்துக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது தீராது, கூடவே இருக்கும். ஆனால் அந்தத் தாடிக்காரர்? டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுவந்தவள் மாணவி. அவர் அந்த மெஷினுக்குச் சொந்தக்காரர். அதைவிட, அவர் கித்தார்க்காரர். மூன்றடி தூரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்பாதுரையின் விரலைக் கண்ணால் பார்த்தவர். ஊருக்குப் போனதும் கண்ணை நம்பாமல் நாடாவை நம்பினார். நேரில் பார்த்ததைவிட நாடாவில் வந்தது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை வைத்துக்கொண்டார்.

அன்றே தட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். இரண்டு பக்கம். எண்களும் வகுத்தலும், வாசித்தவர் இறந்துவிட்டார் என்று ஒரு வரியும் மட்டும். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் அக்கறைக்கு நன்றி. இரண்டாம் பக்கத்தின் வேகத்தைத்தான் பத்திரிகைகள் புகழ்ந்திருக்கின்றன. கலைஞருக்கும் அது பிடித்திருக்கிறது. மாற்றும் எண்ணம் இல்லை. கலைஞர் என்று அவர்கள் சொன்னது தாடிக்காரரை. வாசித்தவர் இப்போது உயிருடன் இல்லை என்று தாங்களே எழுதியிருப்பதால், அவர் தரப்பில் ஆட்சேபம் எழ வாய்ப்பில்லை என்று கருதுகிறோம்.

அந்தக் கடைசி வரியை அவள் நான்கு தடவை படித்தாள். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுனுக்குப் போனாள். அலெக்சாண்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"முடிஞ்சுபோன விஷயம்மா. அமெரிக்காவுல நம்ம ஊர்க்காரர் பேரு இருக்கு. தப்பாவே இருந்தாலும், கேக்க நல்லாத்தானே இருக்கு?"

"எங்க நைனாவ ஃபிராடுன்னு நெனச்சீங்க மாஸ்டர்."

"நான் ஒரு வார்த்தை அப்படிச் சொல்லல."

"சொல்லல. ஜட்காவுல வந்தீங்க. கார்ல போனீங்க."

அலெக்சாண்டர் கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"ஜூன் பதினாலு அவரு நெனவு நாள். வாசகசாலைக்கு வாங்க. உங்க தட்டையும் எடுத்துட்டு வாங்க. ஒண்ணு கீறினாலும் இன்னொண்ணு இருக்கணும்."

முப்பத்து மூன்றே கால், முப்பத்து மூன்றே முக்கால் என்று ரெக்கார்ட் பிளேயரில் வேகம் மாற்ற முடியாது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று உண்டு, எழுபத்தெட்டு உண்டு, இந்த மாதிரித் தட்டுக்கு முப்பத்து மூன்றும் சொச்சமும். அதிலிருந்து ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் இருபத்தேழே முக்கால். அப்படி ஒரு வேகம் எந்தக் கம்பெனி பிளேயரிலும் கிடையாது. மோட்டாரின் தண்டில் இருக்கும் சின்னப் பித்தளைக் கப்பிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கப்பி சிறுத்தால் தட்டு மெதுவாகச் சுற்றும். தன் பிளேயரைப் பிரித்து அளந்தாள். நாலு புள்ளி எட்டு மில்லிமீட்டர். சரியாக நாலு வேண்டும்.

லேத்தில் நின்ற பச்சைமுத்துவிடம் சாப்பாட்டு இடைவேளையில் வரைபடத்தை நீட்டினாள்.

"இவ்ளோ சின்னதா? மூக்குத்திக்கா?"

"ஒரு நூலு கூடக்கூடாது, குறையக்கூடாதுண்ணே."

"கல்யாண மூக்குத்தியா இருக்கும் போல," என்றபடி பச்சைமுத்து வேலையைப் பார்த்தார். மைக்ரோமீட்டரில் நாலு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் காட்டியது. அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. வாசகசாலையில் முப்பது பேர். அப்பாதுரையின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி. வள்ளியம்மா முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அலெக்சாண்டர் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். ராஜேந்திரனும் வந்திருந்தான். இரண்டு மணி ஷிஃப்ட். சாப்பிட்டுவிட்டு அப்படியே போகலாம் என்று டிபன் கேரியரோடு வந்திருந்தான்.

ஒரு மணிக்கு அலெக்சாண்டரின் தட்டை வாங்கி, கம்பெனி வேகத்தில், கடைசிப் பாட்டைப் போட்டாள். துள்ளிக்கொண்டு ஓடியது. பின்னால் ஒருவன் தலையாட்டினான். முடிவில் பொம்மை விசில் போல ஒரு கீச்சுச் சத்தம்.

"இது அமெரிக்காகாரங்க கேக்கறது," என்றாள் சந்திரம்மா. பிளேயரைத் திறந்து, கப்பியைக் கழற்றி, பச்சைமுத்து கடைந்ததை மாட்டி, திருகை முடுக்கினாள். ஒன்றும் விளக்கவில்லை. ஊசியை வைத்தாள்.

கம்பி முனகியது. ஒரு அடி கீழே இறங்கி, தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. முதல் இறக்கம் முடிவதற்குள் வள்ளியம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"முத்தம்மா எறக்கம்," என்றாள். "முத்தம்மா எறக்கம்டி இது."

பிறகு அந்தக் குரல் வந்தது. மனைவியின் குரலல்ல. அப்பாதுரையின் அடித்தொண்டை. கிரீஸ் பீப்பாயை உருட்டும்போதும் பல் தேய்க்கும்போதும் அந்தத் தெரு முழுக்கக் கேட்டுப் பழகிய முனகல். தலையாட்டினவன் ஆட்டுவதை நிறுத்தினான். எட்டு நிமிடத்துக்கு மேல் யாரும் அசையவில்லை. கடைசி இறக்கத்தில் சங்கு ஊதியது.

ராஜேந்திரன் சட்டென்று எழுந்தான். டிபன் கேரியரை எடுத்தான். "ஐயே, ரெண்டு ஆயிடுச்சா?" என்று கதவுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டான்.

"ஒக்காருடா," என்றார் யாரோ. "மணி ஒன்னு இருவதுதான் ஆவுது."

ராஜேந்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பிளேயரைப் பார்த்தான். சங்கு இன்னும் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அவனை எழுப்பி அனுப்புகிற சங்கு. கம்பியும் அதுவும் ஒன்றாக ஓய்ந்தன.

"நம்ம ஃபேக்டரி சங்கு," என்றான்.

"ஆமா."

"அப்ப வாசிச்சது அண்ணன்தான்."

"இது அவரு," என்றாள் சந்திரம்மா. "மொதல்ல போட்டது அவரு இல்ல. அததான் அவரு சொன்னாரு. உன்கிட்டயும் சொன்னாரு. டீக்கடையில."

ராஜேந்திரன் கேரியரைக் கீழே வைத்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் படத்தைப் பார்த்தான். "தப்புதான்கா," என்றான், அவளைவிடப் பத்து வயது மூத்தவன்.

"உன் தப்பு ரெண்டாவது. மொத தப்பு என்து."

அலெக்சாண்டர் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். "நான் எழுதறேன் அவங்களுக்கு. என் பேர்ல எழுதறேன்."

"எழுதுங்க மாஸ்டர். செத்தவரு தரப்புல ஆட்சேபம் இருக்குன்னு எழுதுங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே, உயிரோட இருக்கும்போதே, உங்க வூட்ல, பத்துப் பேரு முன்னாடி சொன்னாருன்னு எழுதுங்க. என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

அலெக்சாண்டர் அந்த வாக்கியத்தை அத்தனை பேர் முன்னால் சொன்னார். அப்பாதுரை சொன்ன மாதிரியே, தன் இங்கிலீஷ் எதுவும் கலக்காமல் சொன்னார்.

சந்திரம்மா தட்டைச் சுழல்தட்டிலிருந்து எடுத்தாள். நடுவிலிருந்த வட்டக் காகிதத்தில், இரண்டாம் பக்கத்தில், வேகத்தைக் குறித்து அச்சிட்டிருந்த எண்ணை மையால் அடித்தாள். அதற்கு மேலே இருபத்தேழே முக்கால் என்று எழுதினாள். அட்டையின் பின்புறத்தைத் திருப்பி, மனைவி என்ற சொல்லை அடித்தாள். ரயில் என்ற சொல்லை அடித்தாள். மின்னல் என்ற சொல்லின் மேல் இரண்டு கோடு போட்டாள்.

அது அலெக்சாண்டரின் தட்டு. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. மை காயும் வரை ஊதிவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.